ஜப்பான் கத்தி வீட்டுக்கு வந்துவிட்டது, இனி என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடுகளுக்கும் அந்தியேட்டி வீடுகளுக்கும் சமைத்துக் கொடுப்பது என் தொழில், இருப்பது கொக்குவிலில். அண்ணன் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது ஒரு ஜப்பான் கத்தி கொண்டுவந்து தந்தார். முதல் மாதமே அதால் நண்டு வெட்டி, வெட்டுவாயை மூன்று இடத்தில் உடைத்தேன். பிறகு கல் வாங்கி, தீட்டப் பழகி, விரலையும் இரண்டு தரம் வெட்டி, ஒருவாறு அதோடு வாழப் பழகிவிட்டேன். இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து போனால், அடுத்த கிழமை யாராவது ஒரு கத்திப் பெட்டியோடு என் வீட்டுப் படலையைத் திறப்பார்கள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அதனால் எழுதி வைக்கிறேன்.

கம்மாலையில் அடிக்கிற எங்கள் கத்தியும் கையால் செய்ததுதானே? இதில் அப்படி என்ன விசேஷம்?

கைவேலை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், நெருப்பு, பட்டடை, சம்மட்டி. வித்தியாசம் உருக்கின் கடினத்தில் இருக்கிறது. உருக்கின் கடினத்தை றொக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண ஐரோப்பியச் சமையல் கத்தி 54 முதல் 58 வரை நிற்கும். கையால் அடித்த ஜப்பான் கத்தி பெரும்பாலும் 60க்கு மேல், சிலது 64, 65 வரை போகும். இவ்வளவு கடினமாக இருப்பதால்தான் அதை மெல்லியதாகவும், ஒரு பக்கத்துக்கு 15 பாகை அளவில் ஒடுக்கமாகவும் தீட்ட முடிகிறது, தீட்டிய கூர் நெடுநாள் நிற்கவும் செய்கிறது. தக்காளியின் மேல் வைத்து இழுத்தால் போதும், அமத்தத் தேவையில்லை.

ஆனால் கடினமானது வளையாது, உடையும். லொறி விற்தகட்டில் அடித்த எங்கள் கத்தி எலும்பில் பட்டால் வாய் மடங்கும், கல்லில் நாலு தரம் உரசினால் நேராகிவிடும். இது மடங்காது, பொரிந்து போகும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது, ஆகவே இதை மட்டும் நினைவில் வைத்தாலும் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இன்னொன்று, முழுக் கத்தியும் கடின உருக்கு இல்லை. அநேகமாக நடுவில் கடின உருக்கு, இரண்டு பக்கமும் மெல்லிரும்பு, வடைக்குள் பருப்பு மாதிரி அல்ல, பாணுக்குள் வைத்த சம்பல் மாதிரி என்று சொல்லலாம். வெட்டுவாய்க்குக் கொஞ்சம் மேலே ஒரு மங்கலான கோடு ஓடும், பாருங்கள், இரண்டும் சேருகிற இடம் அது.

ஜப்பானில் எந்த ஊரில் செய்கிறார்கள்?

பல ஊர்கள். ஒசாக்காவுக்குப் பக்கத்தில் சக்காய், கிஃபு மாகாணத்தில் செக்கி, ஃபுக்குயியில் எச்சிசென், நீகாத்தாவில் சஞ்ஜோ, ஷிக்கொக்குத் தீவில் தோசா. சக்காயின் கதை எனக்குப் பிடித்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஜப்பானுக்குப் புகையிலையைக் கொண்டு போனார்கள், அதை மயிர் மயிராக அரியக் கத்தி தேவைப்பட்டது, சக்காய்க் கொல்லர்கள் அதைச் செய்து பெயர் எடுத்தார்கள், பிறகு ஆட்சியாளரின் முத்திரையே அந்தக் கத்திகளுக்குக் கிடைத்தது. எங்களுக்குக் குசினி என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போன அதே போர்த்துக்கேயர். புகையிலைத் தோட்டத்துக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்க ஒரு மாதிரி இருந்தது.

சக்காயில் ஒரே ஆள் முழுக்கத்தியையும் செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறு. பிடி பெரும்பாலும் மக்னோலியா மரம், கழுத்தில் எருமைக் கொம்பு வளையம்.

என் கத்தி துருப்பிடிக்கிற வகையா, பிடிக்காத வகையா?

பெட்டியில் வெள்ளை உருக்கு, நீல உருக்கு என்ற கருத்தில் ஷிரோகாமி, அஓகாமி என்று இருந்தால் துருப்பிடிக்கும். பெயருக்கும் உருக்கின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, ஆலையில் உருக்கைச் சுற்றி வரும் கடதாசியின் நிறம் அது. வெள்ளை என்பது கிட்டத்தட்ட இரும்பும் கரியும் மட்டும். நீலத்தில் குரோமியமும் தங்குதனும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், கூர் கூடுதல் நாள் நிற்கும். வீஜி 10 என்று இருந்தால் 15 சதவீதமளவில் குரோமியம் உள்ள கறைபடா உருக்கு, எங்கள் ஊருக்கு அதுதான் வசதி.

பெட்டியைத் தொலைத்துவிட்டீர்களா? ஒரு வாழைக்காயை வெட்டிவிட்டு ஐந்து பத்து நிமிடம் துடைக்காமல் வையுங்கள். வாழைக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கத்தி முழுக்கக் கறுத்தால் முழுதும் துருப்பிடிக்கிற இரும்பு. வெட்டுவாய் ஓரம் மட்டும் கறுத்தால் வெளிப்பக்கம் கறைபடாதது, உள்ளே கரியுருக்கு. ஒன்றும் நடக்கவில்லை என்றால் நிம்மதி.

சன்தொக்கு, க்யூத்தோ, நக்கிரி என்றெல்லாம் சொல்கிறார்கள். எது எதற்கு?

சன்தொக்கு என்றால் மூன்று நற்குணம், இறைச்சி, மீன், மரக்கறி மூன்றுக்கும் பொது, நீளம் 16 முதல் 18 சென்ரிமீற்றர். வீட்டுக்கு இது ஒன்றே போதும். க்யூத்தோ கொஞ்சம் நீளமானது, சமையல்காரருடைய கத்தி, பெயரின் நேர்ப்பொருள் மாட்டு வாள், இதை அம்மம்மாவிடம் சொல்ல வேண்டாம். நக்கிரி மரக்கறிக்கு மட்டும், சின்னக் கோடரி மாதிரிச் சதுரமாக, முனை இல்லாமல் இருக்கும். விரத நாளுக்கு மச்சக் கத்தியைத் தொடாத வீடுகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன, அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்வது நக்கிரிதான். முனை இல்லாததால் குத்துப்படுகிற பயமும் குறைவு.

தெபா தடித்தது, மீன் வெட்ட. யனகிபா நீண்டு ஒடுங்கியது, பச்சை மீனை மெல்லியதாய்ச் சீவ. இந்த இரண்டும் ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை, அதுவும் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரர் என்றால் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

நான் முப்பது வருடமாகச் சமைக்கிறேன். எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதா?

தெரியும் அக்கா, அதுதான் ஆபத்து. எங்கள் வீடுகளில் பலகை வைத்து வெட்டுகிற பழக்கம் குறைவு. வெங்காயத்தை உள்ளங்கையில் பிடித்து, பெருவிரலை நோக்கிக் கத்தியை இழுத்து, நேரே சட்டிக்குள் அரிந்து போடுகிறோம். கத்தரிக்காயும் அப்படித்தான், வெண்டிக்காயும் அப்படித்தான். மொட்டைக் கத்தியில் இது பிழைத்துப் போகிறது, ஏனென்றால் கத்தி வெங்காயத்தோடு மல்லுக்கட்டி முடிகிற இடத்தில் பெருவிரல் அதைத் தாங்கிக்கொள்ளும், தோல் தடித்தும் போயிருக்கும். ஜப்பான் கத்திக்கு வெங்காயம் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. என் முதல் காயம் அப்படித்தான் வந்தது, வலிக்கக்கூட இல்லை, சட்டிக்குள் சிவப்பைக் கண்டபிறகுதான் தெரிந்தது.

காலால் மிதித்துக்கொண்டு வெட்டும் அரிவாளில் பழகியவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே அலகு அசையாது, காய்தான் போய் அதில் விழுகிறது. இங்கே காய் அசையக் கூடாது, கத்திதான் போக வேண்டும். கை இதைப் பழக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அவசரச் சமையலில், விருந்தாளி வந்து நிற்கிற நேரத்தில் பழகத் தொடங்காதீர்கள்.

அப்படியென்றால் எப்படிப் பிடிப்பது?

பிடியை மட்டும் பிடித்தால் கத்தி ஆடும். பெருவிரலாலும் சுட்டுவிரலின் பக்கத்தாலும் அலகையே, பிடி தொடங்கும் இடத்தில், கிள்ளுவதுபோல் பிடியுங்கள். மற்ற மூன்று விரல் பிடியைச் சுற்றட்டும். முதலில் அந்தரமாக இருக்கும். சுட்டுவிரலை முதுகின் மேல் நீட்டி வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, கட்டுப்பாடு போய்விடும்.

மற்றக் கை, அதாவது காயைப் பிடிக்கிற கை, பூனை நகத்தை உள்ளே இழுப்பதுபோல் விரல் நுனிகளை உள்ளே மடக்கி இருக்க வேண்டும், பெருவிரல் அவற்றுக்குப் பின்னால். அலகின் பக்கம் விரல் மொழியில் உரசிக்கொண்டு மேலும் கீழும் போகட்டும், கத்தியை மொழிக்கு மேலே தூக்காதவரை வெட்ட விரல் அங்கே இல்லை. உருளுகிற காயென்றால் முதலில் ஒரு பக்கம் சீவித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள்.

பலகைக்குக் கீழே ஈரத் துவாய் ஒன்றை மடித்துப் போடுங்கள். பலகை வழுக்குவதால் வரும் காயம் கத்தியால் வருவதென்று பலர் நினைக்கிறார்கள்.

கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். கையை எடுத்து, காலைப் பின்னால் வைத்து, விழ விடுங்கள். எனக்கு வந்த இரண்டாவது காயம் பிடிக்கப் போய் வந்தது, ஏன் போனேன் என்றால் அது விலையான கத்தி.

எதையெல்லாம் வெட்டக் கூடாது?

நண்டு, எலும்பு, உறைந்த மீன், தேங்காய், பனங்காய், நுங்கு. மாங்காயை விதையோடு சேர்த்துப் பிளக்கவே கூடாது. பலாக்காய் வெட்டலாம், ஆனால் பால் ஒட்டினால் அதைச் சுரண்டியே கூர் போய்விடும், நான் வெட்டுவதில்லை. சீலாவைத் துண்டு போடும்போது நடுமுள்ளில் கத்தியைத் தட்டாதீர்கள், தசையை மட்டும் சுற்றி வெட்டிவிட்டு முள்ளுக்குப் பழைய கத்தியை எடுங்கள். தெபா வைத்திருப்பவர் மீன் தலை வெட்டலாம், அதற்கும் நண்டு ஆகாது.

பூசணிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் இடைப்பட்டவை. வெட்டலாம், ஆனால் கத்தி பாதியில் இறுகினால் அசைத்து, திருகி எடுக்கிறோமே, அங்கேதான் வாய் பொரிகிறது. நேரே மேலே இழுத்து எடுங்கள், அல்லது காயை முதலில் சின்னத் துண்டாகப் பழைய கத்தியால் பிளந்துகொள்ளுங்கள். உள்ளிப் பல்லை அலகின் பக்கத்தால் நசுக்குவதும் வேண்டாம், அம்மி எதற்கு இருக்கிறது.

இது சிறக்கிற இடம் எது என்றால் கணவாய், வெங்காயம், இறைச்சியைக் குறுக்கே மெல்லியதாய் வெட்டுவது, பொன்னாங்காணி வறைக்குப் பொடியாக அரிவது. ஒடியல் கூழுக்குப் பயிற்றங்காயும் கீரையும் இதால் வெட்டுங்கள், நண்டைப் பழைய கத்திக்கு விடுங்கள்.

பலகை எது நல்லது?

வேம்பு, பலா போன்ற மரம். பனம்பலகை பார்க்க அழகு, ஆனால் அதன் கறுத்த நார் கூரைத் தின்னும். கண்ணாடி, கிரனைற், சில்வர்த் தட்டு, பீங்கான் ஒன்றும் வேண்டாம். வெட்டியதைப் பலகையிலிருந்து கூட்டி எடுக்கும்போது வெட்டுவாயால் சுரண்டாதீர்கள், கத்தியைக் கவிழ்த்து முதுகால் கூட்டுங்கள்.

எப்படிக் கழுவுவது?

உடனே, கையால், பஞ்சின் மென்மையான பக்கத்தால், சவர்க்காரம் கொஞ்சம் போட்டு. முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் துடையுங்கள், வாய் வழியே விரலை ஓட்டாதீர்கள். மற்றப் பாத்திரங்களோடு தொட்டிக்குள் நுரையில் போட்டுவிட்டுப் போவது துருவுக்கும் கெடுதல், அடுத்ததாகக் கை விடுகிறவருக்கும் கெடுதல். அவர் பெரும்பாலும் உங்கள் வீட்டில் வேறு ஆளாக இருப்பார், கத்தி உள்ளே கிடப்பது அவருக்குத் தெரியாது.

கழுவியதும் துவாயால் துடைத்துவிடுங்கள், காற்றில் காய விடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீர் எங்களுடையது, கேத்தலுக்குள் படிகிற வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள், அதே வெள்ளைப் புள்ளி கத்தியிலும் படியும், அதற்குக் கீழே துரு தொடங்கும். கடற்கரைப் பக்கத்தார் இன்னும் கவனம், உப்புக் காற்று சும்மா இருக்காது.

தேசிக்காய், மாங்காய், பழப்புளி பட்டால் வேலை முடியும்வரை காத்திருக்காமல் அப்போதே துடையுங்கள்.

கத்தி நீலமும் கறுப்புமாகிவிட்டது. பழுதா?

இல்லை, அது நல்லது. கரியுருக்கு பாவிக்கப் பாவிக்க நீலம், சாம்பல், கறுப்பு என்று ஒரு படை போடும், அந்தப் படை துருவைத் தடுக்கும். புதுக்கத்தியில் வெங்காயம் வெட்டினால் வெங்காயம் கறுத்து, இரும்பு வாடையும் வரும், படை வந்ததும் நின்றுவிடும். செம்மஞ்சள் நிறத்தில், விரலால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி வந்தால்தான் துரு. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, போத்தல் தக்கையால் உரசி எடுத்துவிடலாம்.

எண்ணெய் பூச வேண்டுமா?

தினமும் பாவிக்கிற கத்திக்குத் தேவையில்லை. ஊருக்குப் போகிறீர்கள், ஒரு மாதம் தொடமாட்டீர்கள் என்றால் பூசுங்கள். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். நல்லெண்ணெய் காய்ந்து பசையாகும், தேங்காயெண்ணெய் நாளானால் காறல் வாடை அடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் திரவப் பரஃபின் ஒரு சொட்டு போதும்.

எப்படித் தீட்டுவது? கோப்பையின் அடியில் உரசலாமா?

கோப்பையின் அடி எங்கள் குசினிக் கத்திக்கு. இதற்குத் தண்ணீர்க்கல் வேண்டும், 1000 இலக்கக் கல் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும், ஆசை இருந்தால் 3000 அல்லது 6000 (இலக்கம் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). ஊறவைக்கிற வகைக் கல் என்றால் 10, 15 நிமிடம் தண்ணீருக்குள் போடுங்கள், குமிழி வருவது நின்றதும் எடுங்கள். ஈரத் துவாயின் மேல் வையுங்கள்.

கோணம்தான் எல்லாருக்கும் தலையிடி. கணக்கு இதுதான்: 5 சென்ரிமீற்றர் அகலக் கத்தியைக் கல்லில் படுக்கவைத்து முதுகை 1.3 சென்ரிமீற்றர் அளவில் உயர்த்தினால் 15 பாகை. சுட்டுவிரல் முதுகுக்குக் கீழே கொஞ்சம் இறுக்கமாகப் போகிற உயரம். அந்த உயரத்தை மாற்றாமல், மற்றக் கையின் இரண்டு விரலால் வாய்க்குச் சற்று மேலே மெல்ல அமத்தி, முன்னும் பின்னும் போங்கள். சேறு மாதிரி ஒன்று வரும், கழுவாதீர்கள், தீட்டுகிறதே அதுதான். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் பெருவிரலைக் குறுக்கே, வாய்க்கு வெளியே இழுத்துத் தடவிப் பார்த்தால் ஒரு பிசிறு தட்டுப்படும். அடிமுதல் நுனிவரை பிசிறு வந்தால்தான் ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கமும் அப்படியே, கடைசியில் கை பாரமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி ஐந்தாறு இழுப்பு, பிசிறு போய்விடும். பழைய பத்திரிகைத் தாளைத் தூக்கிப் பிடித்து வெட்டிப் பாருங்கள், கிழிக்காமல் வெட்ட வேண்டும்.

ஒருபக்கம் தீட்டிய கத்திக்கு இந்த முறை சரிவராது, அதன் பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா?

வேண்டாம். சில்லுச் சாணையில் பொறி பறக்கும்போது வெட்டுவாய் சூடாகிறது. கரியுருக்குக் கத்தியை 150 முதல் 200 பாகை செல்சியஸ் அளவில்தான் கடைசியாகப் பதம் பார்த்திருப்பார்கள், அதற்கு மேலே சூடேறினால் கடினம் போய்விடும். ஒருவர் அப்படிக் கொடுத்து வாங்கிய கத்தியை என்னிடம் கொண்டுவந்தார், வாய் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது, அவ்வளவு பகுதியையும் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு பின்னேரம் போனது. இழுத்துத் தீட்டுகிற சின்னப் பிளாஸ்ரிக் கருவியும், வரிபோட்ட இரும்புக் கோலும் இதற்கு ஆகாது, வாயைப் பொரிக்கும்.

வாய் உடைந்துவிட்டது. தூக்கி எறியவா?

ஐயோ, வேண்டாம். ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் 400 இலக்கக் கல்லில் உடைவு மறையும்வரை தேய்த்து, பிறகு 1000. என் கத்தியின் மூன்று பல்லும் அப்படித்தான் போனது, கத்தி கொஞ்சம் ஒடுங்கியது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் எங்கே வைப்பது?

கரண்டிப் பெட்டிக்குள் இல்லை. மட்டையை மடித்து ஒட்டினால்கூட நல்ல உறை ஆகும், அதற்குள் போட்டு உயரத்தில் வையுங்கள், உறைக்குள் போகமுன் கத்தி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும், முக்கியமாக உதவிக்கு வருகிறவருக்கும், இது வழக்கமான குசினிக் கத்தி இல்லை என்று சொல்லி வையுங்கள்.

விரல் வெட்டுப்பட்டால்?

கோப்பித்தூள் அப்பாதீர்கள், மஞ்சளும் வேண்டாம், பிறகு ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதுதான் பெரிய வேதனை. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் இறுக்கி அமத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, 10 நிமிடம் திறந்து திறந்து பார்க்காமல் இருங்கள். அதன் பிறகும் இரத்தம் நிற்கவில்லை, விரல் நுனி விறைத்திருக்கிறது, மடக்க முடியவில்லை, வெட்டு ஆழமாய் வாய் பிளந்திருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

விமானத்தில் கொண்டுவரலாமா?

கைப்பையில் வராது. பெரிய பெட்டிக்குள், உறை போட்டு, உடுப்பின் நடுவில்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்கிறார்களே?

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கையே கொடுக்க விடமாட்டார்கள், சண்டை வருமாம், கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். சண்டை வருமோ இல்லையோ, இந்தக் கூர் உள்ள கத்திக்கு அதுதான் சரியான முறை, மேசையில் வையுங்கள், பிடி அவர் பக்கம் இருக்கட்டும். ஜப்பானிலும் கத்திப் பரிசு உறவை வெட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், புதுவழி வெட்டித் திறக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில கடைகளில் கத்தியோடு ஒரு 5 யென் குத்தியும் வைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் 5 யென் என்பதும் உறவு என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கும், கோ-என். இதைக் கேள்விப்பட்ட நான் அண்ணன் அடுத்த முறை வந்தபோது கத்திக்கு விலையாக ஒரு 5 ரூபாய்க் குத்தியைக் கையில் வைத்தேன். மிச்சக் காசு எப்போது தருவாய் என்று கேட்டார்.